போர்ட் ஆஃப் ஸ்டடீஸ்: கவுன்டருக்கு உள்பக்கத்துல இருந்து ஒரு ரிவ்யூ (5-க்கு 3)

5-க்கு 3 ஸ்டார் குடுக்கறேன். அதுல ஒரு ஸ்டார் முழுசா எங்க பழைய ஸ்டூடண்ட் ஒரு பொண்ணுக்குத்தான் போகுது, ஏன்னு கீழ வரும்.

நான் ரிவ்யூ பண்றது ஒரு குறிப்பிட்ட காலேஜையோ யுனிவர்சிட்டியையோ இல்லங்க, சிலபஸ் மாத்தறதுக்குன்னு நம்ம ஊரு உயர்கல்வில ஒரு சர்வீஸ் இருக்கே, பிஓஎஸ் (போர்ட் ஆஃப் ஸ்டடீஸ்), அகடமிக் கவுன்சில், சிண்டிகேட்டுன்னு (யுனிவர்சிட்டியோட நிர்வாகக் குழு) ஒரு வரிசை, அதைத்தான். தமிழ்நாட்டுல ஒரு தன்னாட்சி கலை அறிவியல் கல்லூரில கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட்ல வேலை பாக்கறேன். கஸ்டமர் யாருன்னு பாத்தா பசங்கதான், ஆனா இப்படி ஒரு சர்வீஸ் நடக்குதுன்னே அவங்கள்ல முக்கால்வாசி பேருக்குத் தெரியாது, செமஸ்டர் ஆரம்பிக்கறப்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு பிடிஎஃப் வந்து விழும், அவ்ளோதான் அவங்களுக்கு.

முதல்ல எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லிடறேன். தன்னாட்சின்னா டிகிரி குடுக்கறது யுனிவர்சிட்டி, சிலபஸ் போடறது, கொஸ்டின் பேப்பர் எடுக்கறது, பேப்பர் திருத்தறதெல்லாம் காலேஜ். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ரூல்படி ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரு போர்ட் ஆஃப் ஸ்டடீஸ், நாங்க பிஓஎஸ்னு சொல்லுவோம். ஹெச்ஓடி சேர்மன், டிபார்ட்மென்ட் ஸ்டாஃப் எல்லாம் மெம்பர், வெளில இருந்து ரெண்டு சப்ஜெக்ட் எக்ஸ்பர்ட், பிரின்சிபால் அனுப்பற 6 பேர் பேனல்ல இருந்து துணைவேந்தர் டிக் அடிக்கற ஒருத்தர், இண்டஸ்ட்ரில இருந்து ஒருத்தர், பழைய மாணவர் ஒருத்தர். இங்க பேசி முடிச்சது அகடமிக் கவுன்சிலுக்குப் போகும். அங்க பிரின்சிபால் தலைவர், எல்லா ஹெச்ஓடியும் இருப்பாங்க, வெளி எக்ஸ்பர்ட்டுங்க, யுனிவர்சிட்டி நாமினி 3 பேர். அவங்க ஓகே சொன்னாத்தான் அடுத்த ஜூன்ல வர்ற பேட்சுக்கு புது சிலபஸ்.

பேப்பர்ல பாத்தா டிசைன் சூப்பர்ங்க, இதுல எனக்குக் குறையே இல்ல. பாடம் நடத்தறவன், வேற காலேஜ்ல அதே பாடம் நடத்தறவன், வேலை குடுக்கறவன், படிச்சு முடிச்சு வெளில போனவன், இந்த நாலு பேரையும் ஒரே டேபிள்ல உக்கார வெக்கணும்னு எவனோ ஒருத்தன் உக்காந்து யோசிச்சிருக்கான். இதுக்கு ஒரு ஸ்டார்.

இனி நடக்கறத சொல்றேன்.

டிராஃப்ட் ரெடி பண்றதுதான் முதல் வேலை. பேருதான் சிலபஸ் டிராஃப்ட், நேரம் போறது பூரா வேர்டு ஃபைல்ல டேபிள் கட்டறதுலதான். ஒவ்வொரு பேப்பருக்கும் எல்-டி-பி-சி, அதாவது லெக்சர், டுட்டோரியல், பிராக்டிகல், கிரெடிட். 5 யூனிட். 5 கோர்ஸ் அவுட்கம், அதாவது அந்தப் பேப்பர் முடிச்சா பையனுக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்ங்கறது. ஒவ்வொரு அவுட்கமுக்கும் புளூம் லெவல், ஞாபகம் வெச்சு சொல்ற கே1-ல இருந்து சொந்தமா உருவாக்கற கே6 வரைக்கும். அப்புறம் அந்த அவுட்கமை புரோகிராம் அவுட்கமோட, அதாவது மொத்த டிகிரியோட அவுட்கமோட, மேப் பண்ணணும், ஸ்ட்ராங்கா இருந்தா 3, மீடியம்னா 2, லோன்னா 1. "இந்தக் கட்டத்துல ஏன் 3 போட்டிருக்கீங்க, 2 தானே வரும்"னு ஒரே ஒரு மெம்பராவது கேட்டு நான் பாத்ததில்ல. ஆனா ஒரு கட்டம் காலியா இருந்தா உடனே கண்டுபிடிச்சிருவாங்க. போன தடவை போட்ட டேபிளையே காப்பி பண்ணி பேப்பர் பேரை மட்டும் மாத்தி ஒட்டற பழக்கம் எல்லா டிபார்ட்மென்ட்லயும் இருக்கு, இது ஊரறிஞ்ச ரகசியம்.

இதெல்லாம் யாருக்காகன்னா நாக்குக்காக (NAAC, காலேஜுங்களோட தரத்த மதிப்பிடற அமைப்பு). நாக் கிரேடு குடுத்துட்டு இருந்த முறைல முதல் கிரைட்டீரியனே பாடத்திட்டம்தான், யுனிவர்சிட்டி சிலபஸையே நடத்தற அஃபிலியேட்டட் காலேஜுக்கு அதுக்கு 100 வெயிட்டேஜ்னா எங்கள மாதிரி தன்னாட்சிக்கு 150. கடைசி 5 வருஷத்துல எத்தனை புரோகிராமுக்கு சிலபஸ் ரிவைஸ் பண்ணீங்கன்னு ஒரு கேள்வி இருந்துச்சு. அதனால எங்க வட்டாரத்துல 20 சதவீதம் மாத்தியாச்சுன்னு காட்டறது ஒரு தனிக் கலையாவே வளந்துருச்சு. யூனிட் 2-ஐ தூக்கி யூனிட் 3-ல வெப்பாங்க, "இன்ட்ரொடக்ஷன்"ங்கறத "ஃபண்டமெண்டல்ஸ்"னு மாத்துவாங்க, பழைய ரெஃபரன்ஸ் புக்கோட அடுத்த எடிஷன் போடுவாங்க, புதுசா சேத்தத சிவப்பு எழுத்துல காட்டுவாங்க. மாத்தினதா கணக்கு வரும், கிளாஸ்ல அதே நோட்ஸ் ஓடும்.

மீட்டிங் அன்னிக்கு காலைல பொன்னாடை, பூங்கொத்து, ஒரு குரூப் போட்டோ (ஜியோடேக் கட்டாயம், அதுவும் நாக்குக்குத்தான்), அப்புறம் காபி, சமோசா. டிராஃப்டை ஒரு வாரம் முன்னாடியே மெயில்ல அனுப்பணும்ங்கறது எல்லாருக்கும் தெரியும், ஆனா டேபிள் கட்டி முடியறதே முந்தின நாள் ராத்திரிதானே, அதனால வெளில இருந்து வர்ற எக்ஸ்பர்ட் அந்த ஸ்பைரல் பைண்டிங்கை முதல் தடவையா கைல வாங்கறதே சமோசா சாப்பிடறப்பத்தான். பாவம் அவங்களும் என்ன பண்ணுவாங்க, 100 பக்கத்துக்கு மேல இருக்கறத ரெண்டு மணி நேரத்துல படிக்கணும். கண்ணுல படறத சொல்லுவாங்க. ஸ்பெல்லிங், புக்கோட வருஷம், ஒரு யூனிட் நாலு வரி இன்னொண்ணு எட்டு வரி, அத பேலன்ஸ் பண்ணுங்கன்னு. நடுவுலயே கையெழுத்து ஷீட் ஒரு ரவுண்டு வந்துரும், டிஸ்கஷன் பாதிலதான் ஓடிட்டு இருக்கும், அதுக்குள்ள மினிட்ஸ்ல எல்லாரும் கையெழுத்து போட்டாச்சு. அதுக்குப் பின்னாடியே டிஏ (படிக்காசு) ஃபார்ம், ரெவின்யூ ஸ்டாம்ப், ஆதார் ஜெராக்ஸ், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம்.

இப்படியே எழுதினா சும்மா நக்கல் அடிக்கறேன்னு தோணும், அதனால உருப்படியா நடந்த ஒரு மீட்டிங்கையும் சொல்லணும். அன்னிக்கு இண்டஸ்ட்ரி மெம்பரா வந்தவர் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனில ஆள் எடுக்கறவர். லேப் மேனுவலைப் புரட்டிட்டே "டர்போ சி இன்னும் ஓடுதா"ன்னு கேட்டார். ஓடுது சார்னோம். சி புரோகிராம் எழுதறதுக்கு போர்லாண்ட் கம்பெனி 1980-கள் கடைசிலயும் 1990-கள் ஆரம்பத்துலயும் டாஸுக்குப் போட்ட அந்த நீல ஸ்க்ரீன்தான், இன்னிக்கு 64 பிட் விண்டோஸ்ல அது நேரா ஓடாது, டாஸ்பாக்ஸ்னு ஒண்ணப் போட்டு அதுக்குள்ள ஓட்டணும், நம்ம ஊர்ல எத்தனையோ லேப்ல இன்னும் அப்படித்தான் ஓட்டறாங்க. அவர் கோவப்படல. "இன்டர்வியூல பையன்கிட்ட லேப்டாப்ப குடுத்தா வாய்டு மெயின், சிஎல்ஆர்எஸ்சிஆர்னு டர்போ சி பழக்கத்துல அடிச்சுட்டு எர்ரர் வருது சார்ங்கறான். அவன் மேல தப்பில்ல. மூணு வருஷமா நீங்க அவனுக்கு குடுத்த மெஷின்ல அது ஓடிருக்கு"ன்னார். ரூம்ல யாருக்கும் பதில் இல்ல. அந்த செமஸ்டரே லேப் ஷெட்யூல்ல டர்போ சிக்குப் பதிலா ஜிசிசிங்கற சி கம்பைலரை எழுதினோம், செலவு ஒத்த ரூபாய் இல்ல, அது இலவசம்தான்.

அடுத்து அந்தப் பொண்ணு. அலும்னி மெம்பர்னா வழக்கமா "சிலபஸ் ரொம்ப நல்லா இருக்கு, எங்க சாருங்களுக்கு நன்றி"ன்னு சொல்லிட்டு சாப்பாட்டுக்கு வெயிட் பண்றவங்க. இந்தப் பொண்ணு ஒரு நோட்டுல எழுதிட்டு வந்திருந்துச்சு. தயங்கித் தயங்கித்தான் ஆரம்பிச்சுது: "மேடம், மூணாவது செமஸ்டர்ல வெப் பேப்பர்ல பிஹெச்பி வருது, அதுல யூனிட் 5 டேட்டாபேஸ் கனெக்டிவிட்டி. ஆனா டேட்டாபேஸ் சொல்லித் தர்ற டிபிஎம்எஸ் பேப்பர் நாலாவது செமஸ்டர்லதான் வருது. நாங்க படிச்சப்ப டேபிள்னா என்ன, பிரைமரி கீ என்னன்னே தெரியாம அந்த யூனிட்டை மனப்பாடம் பண்ணி எழுதினோம்." அவ்ளோதான் சொல்லுச்சு. சேர்மன் ஃபைலைப் புரட்டறாங்க, நாங்க ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாக்கறோம். வெப் எடுக்கறவருக்கு வெப் பேப்பர் தெரியும், டிபிஎம்எஸ் எடுக்கறவங்களுக்கு டிபிஎம்எஸ் தெரியும், ரெண்டையும் வரிசையா உக்காந்து படிச்ச ஆள் அந்த ரூம்ல அவ ஒருத்திதான். ரெண்டு எக்ஸ்பர்ட்டும் துணைவேந்தர் நாமினியும் அதே ஸ்பைரல் பைண்டிங்கைத்தான் புரட்டினாங்க, பேப்பர் பேப்பராப் பாத்ததால இது சிக்கல. ஸ்டார் ஏன்னு இப்பப் புரிஞ்சிருக்கும்.

ரெண்டு பேப்பரையும் இடம் மாத்தறது ஒரு நிமிஷ வேலைன்னுதானே தோணுது? அங்கதான் இந்த சர்வீஸோட உண்மையான குணம் தெரியும். மாத்தினா மூணாவது செமஸ்டர்ல கிரெடிட் ஒண்ணு கூடுது, நாலுல ஒண்ணு குறையுது. இளநிலைக்கு மொத்தம் 140 கிரெடிட், பார்ட் 1 தமிழ், பார்ட் 2 இங்கிலீஷ், பார்ட் 3 கோர், அலைட் (துணைப்பாடம்), எலெக்டிவ், பார்ட் 4, பார்ட் 5-ன்னு எல்லாம் பங்கு பிரிச்சு வெச்சிருக்கு, ஒண்ண அசைச்சா இன்னொண்ணு அசையும். சிஓஇ (தேர்வுக் கட்டுப்பாட்டாளர்) ஆபீஸ்ல சப்ஜெக்ட் கோடு புதுசா போடணும். பழைய பேட்ச்ல அரியர் வெச்சிருக்கறவனுக்கு பழைய கோடுலயே தனியா கொஸ்டின் பேப்பர் எடுக்கணும், அதுவும் அவன் கோர்ஸ் முடிச்சு போன பிறகும் சில வருஷத்துக்கு. இதெல்லாம் நியாயமான தடைதான், திட்ட மாட்டேன்.

திட்டறதுக்கு வேற ஒண்ணு இருக்கு, அது ஒர்க்லோடு. எந்த மினிட்ஸ்லயும் இந்த வார்த்தை வராது, ஆனா எல்லா பிஓஎஸ்லயும் சிலபஸை முடிவு பண்றது இதுதான். யுஜிசி கணக்குல அசிஸ்டன்ட் புரொஃபசருக்கு வாரத்துக்கு 16 மணி நேரம் கிளாஸ். நாங்க ஒரு அலைட் மேத்ஸ் பேப்பரைக் குறைச்சு ஸ்டாடிஸ்டிக்ஸ் கூட்டலாம்னு சொன்னா கணக்கு டிபார்ட்மென்ட்ல ஒருத்தருக்கு மணி நேரம் குறையும். மணி நேரம் குறைஞ்சா அடுத்து யாராவது ரிட்டயர் ஆகறப்ப "லோடு இல்லையே, போஸ்ட் எதுக்கு"ன்னு கேள்வி வரும். அரசு சம்பளம் குடுக்கற எய்டட் காலேஜ்ல ஒரு போஸ்ட் போச்சுன்னா போனதுதான். அப்ப கணக்கு ஹெச்ஓடி வந்து "அலைட் மேத்ஸ் இல்லாம கம்ப்யூட்டர் சயின்ஸா"ன்னு கேப்பார். கேள்வி பாடத்தப் பத்தின மாதிரி இருக்கும், கவலை வேற ஒருத்தர் சம்பளத்தப் பத்தினது, அவர் கவலையும் பொய்யில்ல. செல்ஃப் ஃபைனான்ஸ் ஸ்ட்ரீம்ல கன்சாலிடேட்டட் சம்பளத்துல இருக்கறவங்களுக்கு இது இன்னும் மோசம், லோடு குறைஞ்சா அடுத்த ஜூன்ல அவங்களுக்கு ஆர்டரே வராது. இத வெளிப்படையா டேபிள்ல வெச்சு "இந்த மாத்தத்தால யாருக்கு எத்தனை மணி நேரம் போகுது, அவங்களுக்கு என்ன பாடம் மாத்தித் தர்றோம்"னு பேசிட்டா பாதி சண்டை முடிஞ்சிரும். பேச மாட்டோம். அதனாலதான் நம்ம சிலபஸ்ல புது பேப்பர் ஏறிட்டே இருக்கும், பழசு எதுவும் இறங்காது.

அகடமிக் கவுன்சிலைப் பத்தி சுருக்கமா சொல்றேன், ஏன்னா அங்க நடக்கறதும் சுருக்கம்தான். ஒரே நாள்ல மொத்த காலேஜோட சிலபஸும் வரும். ஹெச்ஓடி எந்திரிச்சு பவர்பாயிண்ட்ல எத்தனை புது பேப்பர், எத்தனை சதவீதம் ரிவிஷன்னு காட்டுவார், "ரிசால்வ்டு டு அப்ரூவ்", அடுத்த டிபார்ட்மென்ட். யுஜிசி இந்த கவுன்சிலுக்கு நல்ல ஒரு அதிகாரம் குடுத்திருக்கு, பிஓஎஸ் அனுப்பினது சரியில்லன்னு பட்டா காரணத்தச் சொல்லி திருப்பி அனுப்பலாம், நிராகரிக்கவும் செய்யலாம். நான் பாத்த வரைக்கும் அந்த அதிகாரம் டப்பா பிரிக்காமயே இருக்கு. திருப்பி அனுப்பினா அந்த ஹெச்ஓடிக்கு அவமானம்னு ஒரு எண்ணம், அடுத்த வருஷம் அவர் நம்ம சிலபஸைத் திருப்புவார்னு ஒரு பயம். விளைவு, டிபிஎம்எஸ் மாதிரி வரிசைக் குளறுபடி இருந்தாலும் தாண்டிப் போயிரும்.

பேர் மாத்தறதுல மட்டும் ஒரு எச்சரிக்கை. அட்மிஷனுக்கு நல்லா இருக்குமேன்னு டிகிரி பேர்ல புதுசா ஒரு ஸ்டைலான வார்த்தைய சேக்கற பழக்கம் இப்ப ஜாஸ்தி. கவுன்சில்ல கைதட்டி பாஸ் பண்ணிருவாங்க. மூணு வருஷம் கழிச்சு பையன் கவர்மென்ட் வேலைக்கு அப்ளை பண்றப்ப நோட்டிஃபிகேஷன்ல இருக்கற டிகிரிக்கு இது சமம்னு அரசாணை இருக்கான்னு கேப்பாங்க, ஈக்விவேலன்ஸ் ஜிஓ. அது இல்லன்னா அவன் அலையணும். பேர் வெக்கற அன்னிக்கே இத யாராவது ஒருத்தர் கேட்டுட்டா எவ்ளோ நல்லா இருக்கும்.

அஃபிலியேட்டட் காலேஜ் வாத்தியார்களுக்கு இந்தப் புலம்பல்கூட ஒரு லக்சுரிதான். அவங்களுக்கு சிலபஸ் யுனிவர்சிட்டில இருந்து வரும், பிஓஎஸ் அங்க, அதுக்கு மேல அகடமிக் கவுன்சில், அதுக்கு மேல சிண்டிகேட், சில இடத்துல நடுவுல ஸ்டாண்டிங் கமிட்டியும் உண்டு. கிளாஸ் எடுக்கற ஆயிரக்கணக்கான பேர்ல போர்டுல உக்காரறவங்க ஒரு கை விரலுக்குள்ள. ஒரு யூனிட் ஒத்து வரலன்னா யார்கிட்ட சொல்லணும்னே அவங்களுக்குத் தெரியாது. நாங்க குறைஞ்சது நம்ம ஹெச்ஓடிகிட்ட சண்டையாவது போடலாம்.

2023-ல தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் பொதுப் பாடத்திட்டம்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு ஞாபகம் இருக்கா. முக்கால்வாசிப் பாடம் எல்லா இடத்துலயும் ஒண்ணா இருந்தா பசங்க காலேஜ் மாறினாலும் சிக்கல் இல்ல, ஈக்விவேலன்ஸ் பிரச்சனையும் தீரும்னாங்க. அந்தக் காரணத்துல எனக்கு பாதி உடன்பாடுதான், மேல சொன்ன ஜிஓ அலைச்சலப் பாத்தவன் எப்படி மறுப்பான். ஆனா தன்னாட்சிக் கல்லூரிகள்ல இருந்து பயங்கர எதிர்ப்பு, எங்க பிஓஎஸ் எதுக்கு அப்புறம்னு, கடைசில தன்னாட்சிக்குக் கட்டாயம் இல்லங்கற இடத்துக்கு வந்து நின்னுச்சு. அப்ப எங்க ஸ்டாஃப் ரூம்ல சுயாட்சி பத்தி வீராவேசமாப் பேசின எல்லாரும் (நானும்தான்) அடுத்த பிஓஎஸ்ல அதே பழைய டேபிளைத்தான் காப்பி பண்ணி ஒட்டினோம்.

இவ்ளோ குறை சொல்லிட்டு ஏன் 3 ஸ்டார்னு கேட்டா, இந்த சலிப்பான வரிசையத் தாண்டிக் குதிச்சா என்ன ஆகும்னு பாத்திருக்கோமே அதனாலதான். டெல்லி யுனிவர்சிட்டில 2021 ஆகஸ்ட்ல இங்கிலீஷ் ஹானர்ஸ் சிலபஸ்ல இருந்து மகாஸ்வேதா தேவி கதையையும் நம்ம பாமா, சுகிர்தராணி எழுத்தையும் எடுத்தாங்க. எடுத்தது டிபார்ட்மென்ட் இல்ல, ஓவர்சைட் கமிட்டின்னு ஒண்ணு. அகடமிக் கவுன்சில் மெம்பர்கள் 15 பேர் எதிர்ப்புக் குறிப்பு குடுத்தாங்க, அந்தக் கமிட்டில சம்பந்தப்பட்ட பாடத்தோட நிபுணர்களே இல்லன்னு. இருந்தும் கவுன்சில்ல பாஸ் ஆயிருச்சு. அதுக்கு முந்தின வருஷம், 2020 நவம்பர்ல திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துல 2017-ல இருந்து எம்ஏ இங்கிலீஷ்ல இருந்த அருந்ததி ராய் புத்தகத்த ஒரு மாணவர் அமைப்பு புகார் குடுத்த கையோட ஒரு கமிட்டி போட்டு நீக்கிட்டாங்க. அந்த எழுத்தெல்லாம் பிடிக்குமா பிடிக்காதாங்கறது வேற பேச்சு. ஒரு பேப்பரை உள்ள கொண்டு வர்றதுக்கு எங்களுக்கு இத்தனை கையெழுத்து வேணும், வெளிய தூக்கறதுக்கு மட்டும் ஒரு லெட்டர் போதுமாங்கறதுதான் என் கேள்வி. டெல்லிலயே 2013-ல நாலு வருஷ டிகிரிய அவசர அவசரமா கொண்டு வந்து 2014 ஜூன்ல யுஜிசி சொன்னதும் வாபஸ் வாங்கினாங்க, நடுவுல ஒரு பேட்ச் பசங்க சேந்து ஒரு வருஷம் முடிச்சிருந்தாங்க. சிலபஸ் மாத்தறது மெதுவா நடக்கறதுல எனக்குப் புகாரே இல்ல, மெதுவா நடக்கற அத்தனை மாசத்துல ஒருத்தராவது அத முழுசாப் படிக்கட்டும்.

விலை? பசங்களுக்கு நேரடிக் கட்டணம் இல்ல. காலேஜுக்கு எக்ஸ்பர்ட் சிட்டிங் ஃபீஸ், டிஏ, சாப்பாடு. சாப்பாடு நல்லாவே இருக்கும், அதுல குறை சொன்னா நாக்கு அழுகிரும்.

டெலிவரி டைம் சுமாரா ஒரு வருஷம்னு வெச்சுக்கோங்க, அதுக்கு மேல போகும், குறையாது. இந்த வருஷம் நீங்க உணர்ற பிரச்சனை அடுத்த ஜூன்ல சேர்ற ஜூனியருக்குத்தான் சரியாகும், உங்களுக்கு இல்ல. டிபிஎம்எஸ் விஷயமும் அப்படித்தான், அப்ப ரெண்டாவது வருஷம் படிச்சுட்டு இருந்த பேட்ச் பழைய வரிசைலயேதான் முடிச்சுது.

பழைய மாணவர்கள் யாராவது இதப் படிச்சா ஒரு விஷயம். உங்க டிபார்ட்மென்ட்ல இருந்து பிஓஎஸ் மெம்பரா வாங்கன்னு போன் வந்தா வேலை இருக்குன்னு தட்டிக் கழிக்காதீங்க. டிராஃப்டை ஒரு வாரம் முன்னாடியே மெயில்ல கேளுங்க, கேட்டா அனுப்பித்தான் ஆகணும், அந்தச் சாக்குல நாங்களும் சீக்கிரம் முடிப்போம். செமஸ்டர் வாரியா உக்காந்து படிங்க, எந்தப் பாடம் எதுக்கு முன்னாடி வரணும்னு உங்களுக்குத்தான் தெரியும். லேப்ல எந்த சாஃப்ட்வேர்னு பேரைப் போட்டுக் கேளுங்க. புது பேப்பர்னா அத யார் எடுக்கப் போறாங்கன்னும் கேளுங்க, இதுக்குப் பல தடவை ரூம்ல பதில் இருக்காது. அப்புறம் கையெழுத்து ஷீட் வர்றப்ப அவசரமில்ல, டிஸ்கஷன் முடியட்டும்னு சொல்லி பக்கத்துல வெச்சுக்கோங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.